பனி போயும் தோல் தேறவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்யும் முறை

மார்கழி, தை மாதங்களில் பனியும் காய்ந்த காற்றும் தோலை உலர்த்திவிட்டுப் போகும். பிரச்சினை அவ்வளவுதான் என்றால் மாசிக்குள் தோல் தேறத் தொடங்கிவிடும். பங்குனி வெயில் வந்த பிறகும் குதிகால் வெடிப்பு மூடவில்லை, அரிப்பு நிற்கவில்லை, பிள்ளையின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு மறையவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது. தோலைக் காயவைக்கும் ஏதோ ஒரு பழக்கம் இன்னும் தொடர்கிறது, அல்லது அது வறட்சியே இல்லை. புது க்ரீம் வாங்கும் முன் இது எந்த வகை என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே போக வேண்டியவை

காய்ச்சலோடு தோல் சிவந்து, சூடாக வீங்கி, சிவப்பு பரவிக்கொண்டே போனால். சர்க்கரை நோயாளியின் காலில் சிறு புண் வந்தாலும். உடம்பு முழுவதும் சிவந்து தோல் உரிந்தால். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் கொப்புளமும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால். கடைசி இரண்டுக்கும் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான், மருந்துக்கடை இல்லை.

எந்த அறிகுறியானாலும் முதல் 14 நாள்

1. வெந்நீர்க் குளியலை நிறுத்துங்கள். பனிக்காலத்தில் பிடித்த இந்தப் பழக்கம் வெயில் வந்த பிறகும் பலரை விடுவதில்லை. வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடம் போதும்.

2. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். கை, கால், முதுகுக்குத் தண்ணீரே போதும். உறையைத் திருப்பிப் பாருங்கள்: ‘டாய்லெட் சோப்’ முதல் தரம் என்றால் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புச் சத்து) 76 சதவீதமாவது இருக்கும். ‘பாத்திங் பார்’ என்று போட்டிருந்தால் கொழுப்புச் சத்து அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் டி.எஃப்.எம். கூடினாலும் அது காரமான சோப்புதான். சாதாரண சோப்பின் பி.எச். (கார-அமில அளவு) 9 முதல் 10 வரை இருக்கும், தோலுடையது 5-ஐ ஒட்டியது. தோல் ரொம்பக் காய்ந்தவர்கள் பி.எச். 5.5 என்று அச்சிட்ட, சோப்பு கலக்காத கட்டியை வாங்கலாம்.

3. பீர்க்கங்காய் நார், கடலைமாவு, கரகரப்பான நலங்குமாவு எதுவும் வேண்டாம். செதிலைத் தேய்த்து எடுத்தால் அன்றைக்கு வழவழப்பாகத் தெரியும், மறுநாள் இன்னும் காயும்.

4. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். பலரும் தவறுவது அளவில்தான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம்; அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குத்தான் காணும். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒருமுறை பூச 20 கிராம் வேண்டும். 100 கிராம் டியூப் ஒரு மாதம் வருகிறதென்றால் பூசுவது போதவில்லை.

எதைப் பூசுவது? மலிவிலிருந்து தொடங்குங்கள். ஈரத்தோலில் தேங்காய் எண்ணெய். அது போதாதென்றால் வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி. ஈரத்தை அடைத்து வைப்பதில் எந்த எண்ணெயும் அதன் கிட்டே வராது. பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் வெள்ளை பாரஃபினும் திரவ பாரஃபினும் சேர்ந்த க்ரீம். அதற்கும் அடங்காத சொரசொரப்புக்கு 10 சதவீத யூரியா க்ரீம். செராமைடு க்ரீம்கள் நல்லவைதான், ஆனால் விலை அதிகம். வாசலினைத் தாராளமாகப் பூசிப் பார்க்காமல் அங்கே போக வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெய் காய்ந்த தோலின் மேலடுக்கை இன்னும் தளர்த்தும், விடுங்கள். கிளிசரினை அப்படியே பூசினால் எரியும். ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு பன்னீர் கலந்து, மேலே எண்ணெய் தடவுங்கள்.

எச்சரிக்கை இரண்டு. பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், அடுப்படிக்கும் விளக்குக்கும் போகுமுன் உடை மாற்றுங்கள். உள்ளங்காலில் பூசிய வயதானவர்கள் காலுறை போடாமல் டைல்ஸ் தரையில் நடக்கக்கூடாது.

இரண்டு வாரத்தில் பாதியாவது குறைந்தால் அது வறட்சிதான். இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள், மேல்தோல் முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். குறையவே இல்லையென்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். பொதுவான அடையாளம் ஒன்று: பனி வறட்சி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், ஓரம் கலங்கலாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்தது, வளையமாக ஓரம் தெரிவது, தொட்டால் உணர்வு குறைவது ஆகிய மூன்றும் வறட்சி ஆகாது.

## உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்தால் வெள்ளைக் கோடு

முழங்காலுக்குக் கீழேதான் அதிகம், தோல் ஓடு ஓடாக வெடித்திருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம். வாசலினைக் காலை, இரவு இரண்டு வேளையும் பூசுங்கள். வெடித்த கோடுகள் சிவந்து நீர் கசிந்தால் அது எக்ஸிமாவாக (தோல் அழற்சியாக) மாறிவிட்டது. சில நாள் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் தேவைப்படும், அதை டாக்டர் எழுதித் தரட்டும்.

சிறு வயது முதலே ஒவ்வொரு பனிக்கும் மீன் செதில் போல வருகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் உண்டு. பரம்பரை வறட்சி. முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம். யூரியா க்ரீமை வருடம் முழுக்கப் பூச வேண்டும். வெயில் வந்ததும் நிறுத்துவதால்தான் அடுத்த மார்கழியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் சிறு பொரிகள். வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார். இது சொறி, தோலுக்குள் புகும் சிற்றுயிரியால் வருவது. எத்தனை வாசலின் பூசினாலும் நிற்காது. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, விரலிடுக்கு விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் அதே இரவில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. போர்வை, உள்ளாடை, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். இந்த வைத்தியம் தோற்பது மருந்தால் அல்ல, ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்று பூசாமல் விட்ட ஒருவரால். மருந்து வேலை செய்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பெர்மெத்ரினைத் தினமும் பூசினால் தோல் வெந்துபோகும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுப் பூசவும்.

தோலில் ஒன்றுமே தெரியவில்லை, அரிப்பு மட்டும். வறட்சி வைத்தியத்துக்கு நிற்காவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, ஹீமோகுளோபின். இதோடு எடை குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ தள்ளிப்போட வேண்டாம்.

## குதிகால் வெடிப்பு மூடவில்லை

முதலில் செருப்பைப் பாருங்கள். பின்பக்கம் திறந்த செருப்பில் உடல் எடை இறங்கும்போது குதிகால் தசை பக்கவாட்டில் பிதுங்கும். ஓரத்தில் தடித்துக் காய்ந்த தோல் அந்த இழுப்பைத் தாங்காமல் பிளக்கும். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்பதும் அதே வேலையைச் செய்யும். குதிகாலை அணைக்கும் செருப்பை வீட்டுக்குள்ளும் போடாமல் எந்தக் களிம்பும் நிலைக்காது.

இரவு வேலை இது:

- வெதுவெதுப்பான நீரில், சோப்போ ஷாம்புவோ போடாமல், 10 முதல் 15 நிமிடம் ஊறவையுங்கள்.
- வாரம் இரண்டு முறை மட்டும், தடித்த ஓரத்தைப் பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் (பியூமிஸ்) லேசாக ஒரே திசையில் தேயுங்கள். பிளேடால் சீவ வேண்டாம்; சீவிய இடம் இன்னும் தடித்து வளரும்.
- தடித்த ஓரத்தில் 20 முதல் 25 சதவீத யூரியா க்ரீம். திறந்த வெடிப்புக்குள் அது போனால் எரியும், உள்ளே வாசலினை அடையுங்கள்.
- மேலே பருத்திக் காலுறை, காலை வரை.

ரத்தம் வருமளவு ஆழமாக வெடித்திருந்தால், இரண்டு ஓரத்தையும் நெருக்கிப் பிடித்து வெடிப்புக்குக் குறுக்கே மருத்துவ டேப் ஒட்டுங்கள். வலி உடனே பாதியாகும், மூடுவதும் வேகம். உருக்கிய மெழுகைச் சூடாக ஊற்றும் கைவைத்தியம் தீப்புண்ணில்தான் முடியும்.

மூன்று நான்கு வாரத்தில் மூட வேண்டும். மூடாவிட்டால் இப்படிச் சரிபாருங்கள்:

ஒரு காலில் மட்டும், அல்லது பாதரேகைகளில் மாவு படிந்த மாதிரி வெள்ளை, விரலிடுக்கில் உரிதல். பூஞ்சைத் தொற்று. சில சமயம் இரண்டு பாதத்தோடு ஒரு கை மட்டும் சொரசொரப்பாகும். அந்தச் சேர்க்கையைக் கண்டால் பூஞ்சையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தோலைச் சுரண்டி, நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடும் கே.ஓ.எச். சோதனை செய்தால் தெரிந்துவிடும், செலவும் அதிகமில்லை. உள்ளங்கால் தோல் தடிமனானது, பூசுமருந்து மட்டும் போதாமல் மாத்திரையும் தேவைப்படலாம்.

முழங்கை, முழங்கால், தலையிலும் தடித்த வெள்ளிச் செதில். சொரியாசிஸாக இருக்கலாம். தேய்க்கத் தேய்க்கக் கூடும். நுரைக்கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள்.

வலியே இல்லாமல் ஆழமாக வெடித்திருக்கிறது. இதுதான் ஆபத்து. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடத்தைச் சொல்ல முடியாவிட்டால் நரம்பு பாதித்திருக்கிறது. சர்க்கரை நோயோ தொழுநோயோ காரணமாக இருக்கலாம். இவர்கள் காலை ஊறவைக்கவும் கூடாது, தேய்க்கவும் கூடாது, சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பைத் தொடவும் கூடாது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

## கை, விரல்நுனி வெடிப்பு

எந்த இடம் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வலது கைக்காரருக்கு இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்தால் பூண்டு அல்லது வெங்காயம். நறுக்கும்போது பிடிக்கும் கை அது. புறங்கையும் விரல் முட்டியும் என்றால் துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம். மோதிரத்துக்கு அடியில் மட்டும் என்றால் அங்கே தங்கும் சோப்பு நுரை. வேலைக்கு முன் கழற்றி வைத்தால் போதும், அது நிக்கல் கலந்த கவரிங் மோதிரமாக இருந்தால் ஒவ்வாமையும் உண்டு. கட்டட வேலை செய்பவர் என்றால் சிமென்ட்டில் உள்ள குரோமேட். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் க்ரீம் பூசிக்கொண்டே வேலை செய்து சரிசெய்ய முடியாது, எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்வது நல்லது.

ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் உள்ளே வியர்வை ஊறிக் கெடுக்கும். கை கழுவும் ஒவ்வொரு முறையும் ஒரு விரல்நுனி அளவு க்ரீம். குழாயடியிலேயே டப்பாவை வைத்தால்தான் இது நடக்கும்.

விரலின் பக்கவாட்டில் ஜவ்வரிசி அளவு நீர்க்கொப்புளம், கடும் அரிப்பு என்றால் வறட்சி அல்ல, எக்ஸிமாவில் ஒரு வகை. வெயில் தொடங்கும்போது கிளம்பும். உடைக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விரல் நீலம்பாரித்துச் சூடானதும் அரித்து வலித்தால் அது குளிர்ப்புண். வெந்நீரிலோ அடுப்பிலோ காட்டாமல் மெல்ல வெதுவெதுப்பாக்குங்கள். குளிர் போனதும் ஆறும், ஆறாவிட்டால் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

## உதடு

நாக்கால் நனைப்பதை நிறுத்தி, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு முறை வாசலின் தடவினால் பத்து நாளில் தேறும். உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம். தேறாவிட்டால் புதினா, இலவங்கப்பட்டை வாசனையுள்ள பற்பசையையும் லிப்ஸ்டிக்கையும் இரண்டு வாரம் மாற்றிப் பாருங்கள்.

வாயின் இரண்டு ஓரமும் வெடித்து ஊறிப்போயிருந்தால் பூஞ்சை சேர்ந்திருக்கும். பல்செட் சரியாகப் பொருந்தாதது, இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கீழுதட்டில் ஒரே இடத்தில் புண் அல்லது வெள்ளைத் தடிப்பு மூன்று வாரமாக ஆறவில்லை, அதிலும் புகையிலையோ பாக்கோ போடுபவர் என்றால், தைலம் பூசி நாளைக் கடத்தாமல் பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

## முகம்

மூக்கோரம், புருவம், காதின் பின்புறம் மஞ்சள் செதில், தலையில் பொடுகு. தலை காய்ந்திருக்கிறது என்று எண்ணெயை ஊறவைப்பதுதான் இதை வளர்க்கிறது. இதற்குக் காரணமான ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை எண்ணெயில் செழிக்கும். கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசி, நான்கு வாரம் செய்யுங்கள். போட்டவுடன் அலசிவிட்டால் சாதாரண ஷாம்பு போட்டதற்குச் சமம்.

கருமை. பனிக்காலத்தில் இதமாக இருக்கிறதே என்று வெயில் காய்ந்ததன் பாக்கி. எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கறுக்கும். கன்னத்தில் இரு பக்கமும் பழுப்புத் திட்டாக இருந்தால் மங்கு. ‘சிவப்பாக்கும்’ டியூப்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், காரணம் கீழே படர்தாமரைப் பகுதியில். கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கல்ல. எடையையும் சர்க்கரையையும் பாருங்கள்.

## பிள்ளைகள் கன்னத்தில் வெள்ளைத் திட்டு

வயிற்றில் பூச்சி என்றும் கால்சியம் குறைவு என்றும் சொல்வார்கள். இரண்டும் இல்லை. பனியில் காய்ந்து லேசாக அழன்ற இடம் நிறம் குறைந்திருக்கிறது. வெயிலில் மற்ற இடம் கறுக்கும்போது இது பளிச்சென்று தெரிகிறது. காலை, இரவு மாய்ஸ்சரைசர், பள்ளிக்குப் போகும்போது சன்ஸ்கிரீன். சொரசொரப்பு சில வாரத்தில் போகும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். அவசரப்பட்டு மருந்து மாற்றுவதில் பயனில்லை.

ஓரம் தெளிவாக, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் வெண்புள்ளி. சீக்கிரம் தொடங்கினால் வைத்தியம் நன்றாகக் கேட்கும். மார்பு, முதுகில் சுரண்டினால் மாவு உதிரும் திட்டு என்றால் தேமல், பூஞ்சை மருந்துக்கு அடங்கும். திட்டில் தொடு உணர்வு குறைந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுதும் குணமாகும்.

## வளைய வளையமாக அரிப்பு, களிம்பு பூசினால் அடங்கி மறுபடி வருகிறது

படர்தாமரை. பனிக்காலத்தில் இறுக்கமான உடை, அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடை, பொதுத் துண்டு எல்லாம் சேர்ந்து தொடங்கியிருக்கும். அதைத் தீராத நோயாக்குவது பெரும்பாலும் கையிலிருக்கும் டியூப். பெட்டியில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள். இவை ஸ்டீராய்டு. அரிப்பை ஒரே நாளில் அடக்கும், அடியில் பூஞ்சை பரவும். ஓரம் மங்கி, வளையத்துக்குள் வளையம் வரும். முகத்தில் பூசியிருந்தால் தோல் மெலிந்து, சிவந்து, முடி வளரும். 2018-இல் 14 ஸ்டீராய்டு பூசுமருந்துகள் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்ந்தன, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

தொடையிடுக்கில் பூசும் ஸ்டீராய்டை இன்றே நிறுத்துங்கள். முகத்தில் மாதக்கணக்கில் பூசியவர்கள் நிறுத்தியதும் எரிச்சலும் சிவப்பும் பொங்கும் என்பதால் டாக்டர் துணையோடு விடுங்கள். சின்னப் படை ஒன்றிரண்டு என்றால் டெர்பினாஃபின் அல்லது லுலிகொனசோல் மட்டுமே உள்ள க்ரீமை, ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துப் பூசி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். பல இடங்களில் இருந்தாலோ, நான்கு வாரத்தில் கேட்காவிட்டாலோ மாத்திரை வேண்டும். உள்ளாடையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுங்கள், துண்டைத் தனியாக்குங்கள்.

## வறட்சி போய் இப்போது சிறு பொரிகள்

பங்குனியில் வியர்க்கத் தொடங்கிய பிறகும் பனிக்காலத்து வாசலினை மார்பிலும் முதுகிலும் பூசுவதால் வருவது. வியர்வைத் துவாரம் அடைத்தால் வேர்க்குரு, முடிக்கால் அடைத்தால் சீழ்ப்பொரி. கெட்டிக் களிம்பைக் குதிகாலுக்கும் முழங்காலுக்குக் கீழேயும் ஒதுக்கிவிட்டு, உடம்புக்கு மெல்லிய லோஷனுக்கு மாறுங்கள். தளர்ந்த பருத்தி உடை, இரண்டு வேளைக் குளிர்ந்த நீர்க் குளியல், அரிப்புக்குக் காலமைன் லோஷன் என்று ஒரு வாரம் பாருங்கள். பொரிகள் வலியோடு கட்டியாகத் திரண்டால் பிதுக்காமல் காட்டுங்கள்.